மார்க் 96, வாங்கும் பட்டனைக் காணோம்

வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஆன்லைன் கடை நடத்துகிறவர்கள், "உங்க சைட் ஸ்பீடை 90-க்கு மேல ஏத்தித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஆட்களுக்குப் பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 9,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம்கூடப் போகட்டும். ஐந்து வாரம் வந்த ஆர்டர்களைக் கைநழுவ விட்டதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

சேலத்தில் கல்சட்டி, இரும்புத் தோசைக்கல், பணியாரச் சட்டி விற்கிறேன். 2021-இல் தளம் போட்டபோது, எல்லாமே இதில் இருக்கிறது என்று சொல்லப்பட்ட ஒரு தீம் (தளத்தின் தோற்றத்துக்கான ரெடிமேட் வடிவமைப்பு) வாங்கினேன். பேஜ் பில்டர், படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர், பாப்அப், கண்ணைப் பறிக்கும் மெனு, பல டஜன் மாதிரி வடிவமைப்புகள் என்று சகலமும் உண்டு. கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து அதில் ஒரு மூலையில் குடித்தனம் நடத்துவது மாதிரிதான் அது. ஸ்லைடரே இல்லாத முகவரிப் பக்கத்தைத் திறந்தாலும் ஸ்லைடருக்கான கோப்புகள் இறங்கும். போதாக்குறைக்கு, போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றும் 4 எம்பி கனத்தில் அப்படியே ஏற்றி வைத்திருந்தேன். தளத்தின் வேகத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் மார்க் 23. சிவப்பு வட்டம்.

முதலில் நானேதான் கைவைத்தேன். பக்கங்களைத் தயாராகச் சேமித்து வைக்கும் கேஷ் பிளக்இன் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று, கோப்புகளை ஒன்றாக்க ஒன்று. மார்க் 31 ஆனது, 27-க்கு இறங்கியது, 34-க்கு ஏறியது. நடுவில் ஒருநாள் மெனுவே திறக்கவில்லை. ஏற்கெனவே மூட்டை தூக்க முடியாமல் நிற்பவன் தலையில், பாரத்தைக் குறைக்கிறேன் என்று இன்னும் மூன்று மூட்டை ஏற்றியிருக்கிறேன். அது அப்போது உறைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் இந்த ஆள் வந்தார். பெயர் வேண்டாம். "ஒரே நாள் வேலை சார், 95 கேரண்டி." 4,500 அட்வான்ஸ், முடிந்ததும் 4,500. அட்மின் பாஸ்வேர்டும் ஹோஸ்டிங் பாஸ்வேர்டும் கேட்டார். யோசிக்காமல் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் ஸ்கிரீன்ஷாட் வந்தது: 96, பச்சை வட்டம்.

நானும் விவரம் தெரியாதவன் இல்லை, படத்தை நம்பாமல் நானே பேஜ்ஸ்பீடில் ஓட்டிப் பார்த்தேன். அதே 96. இன்னொரு தடவை ஓட்டினேன், 97. மீதிப் பணத்தை அனுப்பிவிட்டு, அந்த வட்டத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் வைத்தேன். "எனக்கு என்னமோ முன்ன மாதிரிதான் சுத்துது" என்றாள் மனைவி. உன் போன் பழசு என்று சொல்லி வாயை அடைத்தேன்.

பத்து நாள் கழித்து திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "தம்பி, உங்க சைட்ல சட்டி பேரும் விலையும் மட்டும் தெரியுது. போட்டோவும் இல்ல, வாங்குற பட்டனும் இல்லயே?" நெட்வொர்க்காக இருக்கும் அம்மா, கொஞ்சம் கழித்துப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் இதே புகார் வேறு ஒருவரிடமிருந்து. அப்புறம் இன்னொன்று. என் போனில், கடைப் பையன் போனில், லேப்டாப்பில் எல்லாம் பார்த்தேன். பட்டன் இருந்த இடத்தில் இருந்தது.

கோயம்புத்தூரில் படிக்கிற அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். அவன்தான் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, என்ன போன், எங்கிருந்து லிங்கைத் திறந்தீர்கள் என்று கேட்டான். மோட்டோ ஜி வரிசையில் ஒரு போன், இன்ஸ்டாகிராமில் என் பக்கத்திலிருந்து தட்டியிருக்கிறார். மற்ற இருவரும் மோட்டோதான், அவர்களும் இன்ஸ்டாகிராம் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். அவன் தீமின் நிரல் இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பைத் திறந்து கொஞ்ச நேரம் உருட்டிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "மாமா, டெஸ்ட் பண்றவன் வந்தா ஒரு பக்கம், மனுஷன் வந்தா வேற பக்கம்."

விஷயம் இதுதான். பேஜ்ஸ்பீட் மார்க்கைக் கணக்கிடுவது லைட்ஹவுஸ் என்ற கருவி. தளத்தைத் திறக்கும்போது அது, தான் இன்ன பிரவுசர், இன்ன போன் என்று ஒரு வரி சொல்லிக்கொண்டு வரும். முன்பு அந்த வரியில் லைட்ஹவுஸ் என்ற பெயரே இருந்தது. 2023-இல் வந்த பத்தாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அது மோட்டோ ஜி பவர் என்ற போனைப் போல வேஷம் போட்டு வருகிறது. நம்ம ஆள் எழுதி வைத்திருந்த நாலு வரி, வருகிறவரின் வரியில் "லைட்ஹவுஸ்" அல்லது "மோட்டோ ஜி" இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் படங்கள், பக்கத்தை இயங்க வைக்கும் ஸ்கிரிப்டுகள், பட்டன் எல்லாவற்றையும் உருவிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும். எலும்புக்கூட்டுக்கு எடை போட்டால் குறையாமல் என்ன செய்யும்?

ஆண்ட்ராய்டு குரோம் இப்போதெல்லாம் போனின் மாடல் பெயரை அந்த வரியில் சொல்வதில்லை. அதனால் மோட்டோ வைத்திருப்பவர்கள்கூட குரோமில் திறந்தால் பக்கம் ஒழுங்காக வந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கிற பிரவுசர் மாடலைச் சொல்லிவிட்டது. என் வியாபாரத்தில் பாதி இன்ஸ்டாகிராமிலிருந்துதான் வருகிறது. எத்தனை பேர் கூப்பிடாமலே போனார்களோ. அக்கா மகன் லேப்டாப் பிரவுசரில் போன் பெயரை மோட்டோ ஜி என்று மாற்றி என் கடையைத் திறந்து காட்டினான். வெள்ளைப் பின்னணியில் "கல்சட்டி நடுத்தரம்" என்று ஒரு வரி, கீழே விலை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

சரி, மோட்டோ இல்லாத மற்றவர்களுக்காவது வேகம் கூடியதா என்றால், அதிலும் ஒரு தந்திரம். தளத்தின் எல்லா ஸ்கிரிப்டையும், வாடிக்கையாளர் திரையைத் தொடும்வரை நிறுத்தி வைத்திருந்தார். சாட் பெட்டி, விளம்பரக் கணக்கு மாதிரி உடனே தேவைப்படாதவற்றை இப்படித் தள்ளிப்போடுவது நியாயமான வேலைதான். மெனுவையும் கூடையையும் சேர்த்து நிறுத்தினால், முதல் தட்டல் காற்றில் போகும். கடையைத் திறந்து விளக்கையும் போட்டுவிட்டு, ஆள் வாசலில் வந்து நின்ற பிறகு சாவி தேடுவதுபோல. மனைவி பார்த்த சுற்றல் இதுதான். போனைக் குறை சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் போட்டிருந்த கேஷ் பிளக்இன் காசு கொடுத்து வாங்க வேண்டியது, லைசென்ஸ் உடைத்த திருட்டுப் பிரதி. அதற்கு அப்டேட் வராது, உள்ளே எவன் என்ன சொருகியிருக்கிறான் என்பதும் தெரியாது. பயனர் பட்டியலில் அவருடைய அட்மின் கணக்கு அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்று ராத்திரியே அதை நீக்கி, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, அவர் வருவதற்கு முந்தைய பேக்கப்பை ஏற்றினோம். வாடிக்கையாளர் முகவரிகள் இருக்கிற இடத்தின் சாவியை இத்தனை நாள் அந்த ஆளிடம் விட்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

போனில் பிடித்துக் கேட்டேன். கோபமே படவில்லை மனிதர். "சார், நீங்க கேட்டது ஸ்கோர். ஸ்கோர் குடுத்துட்டேன்." பழைய சாட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், எல்லா இடத்திலும் ஸ்கோர், ஸ்கோர் என்றுதான் கேட்டிருக்கிறேன். கூகுள் தேடலில் மேலே வர வேண்டும் என்ற ஆசையில் கேட்டது அது. ஆனால் தேடல் வரிசைக்கு வேக விஷயத்தில் கூகுள் பார்ப்பது, நிஜ ஆட்களின் குரோமிலிருந்து 28 நாளுக்குச் சேரும் அளவுகளை. பேஜ்ஸ்பீட் பக்கத்தின் மேல்பாதியில் வருவது அது, கூட்டம் குறைந்த தளங்களுக்குக் காலியாக இருக்கும். முக்கியமான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான். கீழே இருக்கும் பச்சை வட்டம் ஒரு சோதனை ஓட்டம் மட்டும்.

உங்களுக்கும் யாராவது இப்படி வேலை செய்து கொடுத்திருந்தால், பேஜ்ஸ்பீட் அறிக்கையில் வரும் குட்டிப் படத்தை முதலில் பாருங்கள், பக்கம் கடைசியில் எப்படித் தெரிந்தது என்று காட்டும். என் அறிக்கையில் அது வெள்ளையாகத்தான் இருந்தது, எண்ணைப் பார்த்த கண்ணுக்கு அது படவில்லை. அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டிலேயே மட்டமான போனில் திறந்து, பக்கம் தெரிந்தவுடன் மெனுவைத் தட்டிப் பாருங்கள். பணம் அதற்கப்புறம்.

பிறகு நாங்களே மூன்று வாரம் மெதுவாகச் செய்தோம். ஸ்லைடரை எடுத்தோம், அந்த இடத்தில் ஒரே படம். படங்களை வெப்பி என்ற கனம் குறைந்த வடிவத்துக்கு மாற்றி 150 கேபிக்குள் கொண்டுவந்தோம். முகப்பின் முதல் படத்துக்கு லேசி லோடை, அதாவது படத்தைத் தாமதித்து இறக்குவதை, நிறுத்தினோம். வேர்ட்பிரஸ் ஓடுகிற பிஎச்பி மொழி இன்னும் 7.4 பதிப்பில் கிடந்தது. அதற்கு 2022 நவம்பரிலேயே ஆதரவு நின்றுவிட்டது, 8.2-க்கு மாற்றினோம். நான் எப்போதோ போட்டு நீக்கிய பிளக்இன்களின் மிச்சம் டேட்டாபேஸில் குப்பையாகக் கிடந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறியிருக்கிறது, அதைக் கூட்டித் தள்ளினோம். கேஷுக்கு ஒரே ஒரு பிளக்இன். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தீம் மொத்தத்தையும் மாற்றினேன். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இப்போது மொபைல் மார்க் 71, ஆரஞ்சு. மனைவியின் பழைய போனில் மூன்று விநாடியில் திறக்கிறது. திண்டுக்கல் அம்மா கல்சட்டி வாங்கிவிட்டார், அனுப்பும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். பணம் திரும்ப வரவில்லை. அந்த ஆளின் வாட்ஸ்அப் விளம்பரத்தில், "எங்கள் வாடிக்கையாளர்கள்" என்ற தலைப்பின் கீழ், என் கடைப் பெயரோடு அந்த 96 இன்னும் இருக்கிறது.