மட்டன் ஸ்ட்ரீட்டில் பழைய சினிமாக் காகிதம்: எதை வாங்கலாம், எதைத் தொட வேண்டாம்

மும்பை சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் பழைய இந்தி சினிமாவின் விளம்பரக் காகிதம் இன்னும் கிடைக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தியேட்டர் முகப்பில் மாட்டிய ஷோகார்டுக்கும் படத்தோடு விற்ற பாட்டுப் புத்தகத்துக்கும் இந்தத் தெருவை விட்டால் நல்ல இடம் குறைவு. பெரிய போஸ்டர் வாங்க லென்ஸ் இல்லாமல் போகவே கூடாது. கையால் வரைந்த புதிய படங்களை, கடையில் மாட்டியிருப்பதைப் பார்த்து வாங்குவதைவிட ஓவியரிடம் சொல்லி வரைந்து வாங்குவது மேல்.

பேண்டி பஜாரை ஒட்டிய பகுதி இது. மேற்கு ரயில் பாதையில் வந்தால் கிராண்ட் ரோடு, மத்திய பாதையில் வந்தால் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. கடைகளுக்கு வெள்ளி விடுமுறை. அன்று விடிகாலையிலேயே தெருவோரச் சந்தை கூடிவிடும், ஆனால் அங்கே காகிதம் அரிது. மற்ற நாட்களில் பதினொரு மணிக்கு மேல் போனால் கடைகள் திறந்திருக்கும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து முடியுங்கள், குழல் விளக்கின் கீழ் காகிதத்தின் நிறம் சரியாகத் தெரியாது.

ஷோகார்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தெருவிலேயே மதிப்புள்ள சரக்கு இதுதான், பலர் புரட்டாமல் தாண்டிப்போவதும் இதைத்தான். தியேட்டர் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிய அட்டைகள் இவை. ஸ்டில் போட்டோவில் நாயகன் நாயகியைப் பிளேடால் உருவம் பிசகாமல் வெட்டி, வண்ண அட்டையில் ஒட்டி, கறுப்பு வெள்ளை முகத்துக்குக் கையால் சாயம் ஏற்றி, படத்தின் பெயரைத் தூரிகையால் எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்தது. ஒரே படத்தின் இரண்டு அட்டைகளை அடுத்தடுத்து வைத்தால் எழுத்தின் வளைவே மாறியிருக்கும்.

சோதிப்பது எளிது. அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டி ஒட்டிய போட்டோவின் விளிம்பு மெல்லிய நிழல் போடும். பத்து மடங்கு லென்ஸில் முகத்தைப் பார்த்தால் அச்சுப் புள்ளி ஒன்றுகூடத் தெரியாது, போட்டோவின் வழவழப்பான சாம்பல் நிறம்தான் இருக்கும். நாயகியின் உதட்டுச் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வழிந்திருக்கும். கறுப்பான இடங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் கவலை வேண்டாம். போட்டோத்தாளில் உள்ள வெள்ளி காலப்போக்கில் மேலெழும்பி வருவது அது, பழையது என்பதற்கு நல்ல அடையாளம். மூலைகளில் ஆணித் துளைகளும் குறையல்ல. படத்தின் மேல் நூல் நூலாகவோ வட்டமாகவோ பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் வைத்துவிடுங்கள். அது போட்டோவின் ஜெலட்டினைத் தின்று வளர்கிறது, துடைத்தால் சாயமும் சேர்ந்து வரும்.

ஒட்டு விட்டுப்போய் விளிம்பு தூக்கி நிற்கும் அட்டைகள் நிறைய வரும். கடைக்காரரே வெள்ளைப் பசை தடவி அமுக்கிக் கொடுக்க முன்வருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பசை காய்ந்தபின் எளிதில் பிரியாது, பின்னாளில் சரியாகச் சீரமைக்கவும் வழியில்லாமல் போகும். தூக்கிய விளிம்பு அப்படியே இருக்கட்டும்.

அடுத்து பாட்டுப் புத்தகம். சில பக்கங்கள், கதைச் சுருக்கம், பாடல் வரிகள், அட்டையில் படம், அவ்வளவுதான். இந்திப் படப் புத்தகங்களில் தேவநாகரி, உருது, ரோமன் மூன்று எழுத்துகளையும் ஒரே அட்டையில் பார்க்கலாம். எந்தக் காலத்துப் பிரதி என்று கண்டுபிடிக்க விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது, அந்த ஆண்டு ஏப்ரலில்தான் தசம நாணயம் வந்தது. நயா பைசா என்றிருந்தால் 1957 முதல் 1964 வரை. வெறும் பைசா என்றால் அதற்குப் பிந்தையது. பழைய படங்கள் மறுபடி மறுபடி வெளியானதால், 1951இல் வந்த படத்துக்குப் பைசா விலை போட்ட புத்தகம் இருந்தால் அது போலி என்று அர்த்தமில்லை. மறுவெளியீட்டுப் பிரதி, விலை மட்டும் அதற்கேற்பக் குறைய வேண்டும். தமிழ்ச் சேகரிப்பாளர்கள் இங்கே ஜெமினி எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வை மறக்காமல் கேளுங்கள். 1948இல் தமிழிலும் இந்தியிலும் வந்த படம் என்பதால் அதன் இந்திக் காகிதத்தைத் தேட வேண்டிய இடம் இந்த மாதிரித் தெருக்கள்தான். பொதுவாகத் தமிழ்ப்படக் காகிதம் இங்கு மிகக் குறைவு.

புத்தகத்தின் தாள்களைச் சேர்த்துக் குத்தியிருக்கும் பின்னைப் (ஸ்டேபிள்) பாருங்கள். அசலில் இரும்புப் பின் துருப்பிடித்துச் சுற்றிலும் காகிதம் பழுத்திருக்கும். பளபளக்கும் பின்னோடு பழுப்புக் காகிதம் வந்தால், பின்னை மாற்றினார்களா, முழுப் புத்தகமே புதிதா என்று உள்ளே புரட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு தாளின் நடுமடிப்பிலும் பழைய துருக்கறை இருந்தால் சரி.

போஸ்டர்தான் சிக்கல். வழக்கமான அளவு 30×40 அங்குலம். நாலாக மடித்தே அனுப்புவார்கள் என்பதால் அசலில் சிலுவை மாதிரி மடிப்பு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மடிப்பின் மேல் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்கு மடிப்புத் தெரிந்து விரலுக்கு மேடுபள்ளம் தட்டுப்படவில்லை என்றால், அசலை ஸ்கேன் செய்து மடிப்பையும் சேர்த்தே அச்சிட்ட நகல் அது. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கவும். இயல்பாகப் பழுத்த காகிதம் காற்றுப்படும் விளிம்பிலும் மடிப்பிலும் அதிகம் பழுத்து, உள்ளே வெளுத்திருக்கும். முழுத் தாளும் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் டீத்தண்ணியில் நனைத்ததாக இருக்கலாம்.

பிறகு லென்ஸ். 1950களின் போஸ்டர்களில் பெரும்பகுதி லித்தோ அச்சு. ஓவியர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தகட்டில் வரைந்தது. அதனால் கிரேயான் கோடு ஒழுங்கற்று மணல்மணலாகத் தெரியும். பின்னால் வந்த ஆஃப்செட்டில் நாலு நிறப் புள்ளிகள் பூவிதழ் போல வரிசையாக இருக்கும். இன்க்ஜெட்டில் தெளித்த மாதிரிப் பொடிப்புள்ளிகள். லித்தோ காலத்துப் போஸ்டர் என்று கொடுத்து லென்ஸில் ஒழுங்கான புள்ளி தெரிந்தால் பேச்சை அங்கேயே முடிக்கலாம். வண்ணம் பளிச்சென்று இருப்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் போஸ்டர் வண்ணத்தில்தான் அடித்தார்கள்.

கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்கும். ‘பம்பாய்-4’ என்று மண்டல எண் மட்டும் இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அச்சானது, ஏனென்றால் அதற்கு முன் பின்கோடே கிடையாது. தணிக்கைக் குறி யு/ஏ என்றிருந்தால் 1983க்கு முன்னால் வந்திருக்க முடியாது. இந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டு ஃபிரேம் போட்ட போஸ்டரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். வயதைச் சொல்லும் முக்கியமான சாட்சியே போய்விட்டது.

கையால் வரைந்த புதிய படங்களுக்கு வருவோம். ஒரு காலத்தில் தியேட்டர் ஹோர்டிங் (பெரிய விளம்பரப் பலகை) வரைவது பெரிய தொழில். எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் அதில்தான் பிழைப்பைத் தொடங்கினார். ஃப்ளெக்ஸ் வந்தபின் தொழில் படுத்தது. மிஞ்சிய ஓவியர்கள் பழைய பட முகங்களைத் துணியிலும் கேன்வாஸிலும் வரைந்து தருகிறார்கள். நல்ல கை என்பதை முகத்தின் நிழலில் காணலாம். அருகில் நின்றால் கன்னத்தில் பச்சையும் நீலமும் ரோஜாவும் தனித்தனித் திட்டுகள், பத்தடி தள்ளிப் போனால் எல்லாம் சேர்ந்து தோலாகிவிடும். பழுப்பை மட்டும் தேய்த்து வழவழவென்று நிழல் போட்டிருந்தால் அது ஹோர்டிங் கையல்ல. பெயிண்ட் மெல்லிதான இடங்களில் பென்சில் கட்டங்கள் தெரியும். சின்னப் படத்தைப் பெரிதாக்கப் போட்ட கட்டங்கள் அவை, இருப்பது நல்லதே.

கைவேலை என்ற பெயரில் கேன்வாஸ் பிரிண்ட்டும் விற்கிறார்கள். மேலே நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் இழுத்திருப்பார்கள். தூரிகைக் கோடு ஒரு பக்கம் போகும், படத்தின் கோடு வேறு பக்கம் போகும். கண்ணின் கருமணியில் லென்ஸை வைத்தால் இன்க்ஜெட் பொடி தெரிந்துவிடும்.

ஆர்டர் கொடுக்கும்போது பெயிண்ட் எது என்று கேளுங்கள். எண்ணெய் வண்ணம் என்றால் தொட்டால் ஒட்டாத நிலைக்கே சில நாட்களாகும், தடித்த இடங்களுக்கு வாரக்கணக்காகும். அவசரப்பட்டுச் சுருட்டினால் படம் தன் முதுகிலேயே ஒட்டிக்கொள்ளும். வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, நாலு அங்குல விட்டத்துக்குக் குறையாத குழாயில் சுற்றச் சொல்லுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் விரிக்கும்போது பெயிண்ட் வெடிக்கும்.

பழைய போஸ்டரைச் சுருட்டவே வேண்டாம். மடிந்து வந்தது மடிந்தே போகட்டும். நாலாக மடித்தால் 15×20 அங்குலம், இரண்டு 17×22 அட்டைகளுக்கு இடையில் வைத்துக் கட்டினால் ரயிலில் பத்திரமாக வரும். விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக அனுமதிக்கும் 55×35 செ.மீ. அளவுக்குள் இது அடங்காது, மறுபடி மடித்தால் காகிதம் அந்த இடத்திலேயே முறியும்.

ஃபிரேம் கடையில் இரண்டை மறுத்துவிடுங்கள்: லேமினேஷன், பின்னால் செல்லோடேப். டேப்பின் பசை சில ஆண்டுகளில் காகிதத்தில் ஊறி முன்பக்கம் பழுப்பாக வந்துவிடும். அமிலமில்லாத மவுண்ட் அட்டை போட்டு, கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். கடலோர ஊர்களின் ஈரத்தில் ஷோகார்டின் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது. வெளிச்சுவரிலோ நேர் வெயில் விழும் இடத்திலோ மாட்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி ஃபிரேமின் பின்பக்கம் பாருங்கள், மாவுப் பசையைத் தேடி ராமபாணப் பூச்சி முதலில் வருவது அங்கேதான்.