திருஅவையின் நான்கு அடையாளங்கள்: ஓர் இணையவழி வகுப்பு பற்றி

உறுதிபூசுதலுக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு நம்பிக்கை அறிக்கையின் கடைசிப் பகுதிதான் எப்போதும் கடினம். ‘ஒரே, புனித, கத்தோலிக்க, திருத்தூதர் வழிவந்த திருஅவை’ என்று அதில் வரும் நான்கு அடையாளங்களையும் மனப்பாடம் செய்ய வைத்துவிடலாம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை, “புனிதமான திருஅவை என்றால் குழந்தைகளுக்கு எதிராகக் குருக்கள் சிலர் செய்த பாலியல் குற்றங்கள் எப்படி நடந்தன, ஏன் மறைக்கப்பட்டன?” என்று கேட்டால், மனப்பாடத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும் என்றுதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். நான்கு அடையாளங்களுக்கும் தனித்தனிக் காணொளி, கூடவே கையேடு, பாட முடிவில் நேரலைக் கேள்வி நேரம். நடத்துகிறவர் இறையியல் படித்த ஓர் அருட்சகோதரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நான்கையும் அவர் சான்றிதழாகக் காட்டவில்லை. புரொட்டஸ்டன்ட் சபைகள் பிரிந்த 16ஆம் நூற்றாண்டுச் சர்ச்சைக் காலத்தில் உண்மையான திருஅவை எது என்று நிரூபிப்பதற்காக அடையாளங்களை அடுக்கினார்கள். கத்தோலிக்க இறையியலாளர் ராபர்ட் பெல்லார்மின் 15 வரை எண்ணினார். சகோதரி தொடங்குவது வேறு இடத்தில். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலில் 811ஆம் பத்தியை எடுத்து, இந்தப் பண்புகள் எதுவும் திருஅவைக்குத் தானாக வந்தவை அல்ல, தூய ஆவியின் வழியாகக் கிறிஸ்து தருபவை என்பதை அழுத்திச் சொல்கிறார். கொடை என்றால் அதைப் பெற்றவருக்கு ஒரு பொறுப்பும் உண்டு. வகுப்பு முழுவதும் இந்த இழை அறுபடவில்லை.

புனிதம் பற்றிய இரண்டாம் பாடத்துக்காகவே இதில் சேரலாம். சகோதரி நேராக 4ஆம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவுக்குப் போகிறார். உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களுக்கு எதிராக 303இல் தொடங்கிய கலாபனையில் (துன்புறுத்தலில்) சில ஆயர்களும் குருக்களும் உயிருக்குப் பயந்து மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கலாபனை ஓய்ந்த பிறகு, அப்படிப்பட்டவர்கள் கைவைத்துத் திருநிலைப்படுத்திய ஆயர் ஆயரே அல்ல, அவர்கள் கொடுக்கும் திருமுழுக்கும் செல்லாது என்று தொனாத்து என்ற ஆயரைச் சார்ந்தவர்கள் பிரிந்து போனார்கள். அவர்களுக்குத் திருஅவை என்றால் களங்கமற்றவர்கள் மட்டும் கூடும் இடம். கோபத்தில் நமக்கும் அது சரியென்றே படும். அதே வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த புனித அகுஸ்தீன் பல ஆண்டுகள் இதற்கு மறுமொழி எழுதினார். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது அவர் வாதத்தின் சாரம். திருமுழுக்கு போன்ற அருளடையாளத்தின் ஆற்றல் அதைக் கொடுப்பவரின் ஒழுக்கத்தைப் பொறுத்தது இல்லை. இல்லாவிட்டால் நான் பெற்ற திருமுழுக்கு உண்மையா என்று தெரிந்துகொள்ள அந்தக் குருவின் மனசாட்சியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பயம் வந்தது. இதே வாதத்தை வைத்துக் குற்றவாளிக்குக் கேடயம் பிடித்துவிட முடியுமே? சகோதரி அங்கே நிறுத்தாமல் அடுத்த அடியை எடுத்து வைத்தார். அருளடையாளம் செல்லும் என்பதற்காகக் குற்றம் குற்றமில்லை என்றாகிவிடாது. பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதும் குற்றம் செய்தவர் பொறுப்பிலிருந்து விலக்கப்படுவதும் திருஅவையின் புனிதம் கேட்கும் கடமைகள் என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட ‘மக்களினங்களின் ஒளி’ ஏட்டின் 8ஆம் பத்தியைத் திரையில் காட்டினார்: திருஅவை தன் மடியில் பாவிகளை வைத்திருக்கிறது, அது புனிதமானது, அதே நேரம் எப்போதும் தூய்மைப்பட வேண்டியது. அப்புறம் 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திருஅவையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக வெளிப்படையாக மன்னிப்பு வேண்டிய திருப்பலி. மன்னிப்புக் கேட்பது புனிதத்துக்கு இழுக்கு இல்லை, புனிதம் அங்கே வேலை செய்கிறது என்று இப்போது என்னால் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்ல முடிகிறது. கேட்கிற பிள்ளையின் கோபம் நியாயமானது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒருமை பற்றிய முதல் பாடம் திருப்தி. ஒரே நம்பிக்கை, ஒரே அருளடையாளங்கள், திருத்தூதர் வழிமரபு ஆகிய மூன்று கட்டுகளும் தெளிவாக வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு. ஒருமை என்றால் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பது என்ற எண்ணத்தை உடைக்க, இலத்தீன் திருஅவையோடு முழு உறவில் இருக்கும் 23 கீழைத் திருஅவைகளை எடுத்துக் காட்டுகிறார். மாரோனியர், உக்ரைனிய கிரேக்கக் கத்தோலிக்கர், சீரோ மலபார் என்று வழிபாட்டு முறையும் சட்டத்தொகுப்பும் வேறு, திருத்தந்தையோடு உறவு ஒன்று. பிரிவினையையும் மூடி மறைக்கவில்லை. 1054இல் உரோமையின் தூதர்களும் கான்ஸ்டான்டிநோபிளும் பரிமாறிக்கொண்ட சபைவிலக்கை 1965 டிசம்பர் 7 அன்று ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தெனகோரசும் நினைவிலிருந்து நீக்கினார்கள். ஆனாலும் முழு உறவு இன்னும் திரும்பவில்லை. பிரிந்த சபைகளில் இன்று பிறந்து வளர்கிறவர்கள்மேல் பிரிவினையின் பாவத்தைச் சுமத்தக் கூடாது என்று மறைக்கல்வி நூல் சொல்வதை (818) சகோதரி இரண்டு முறை வாசித்துக் காட்டினார். பிற சபை நண்பர்களோடு படிக்கும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாம் பாடம்தான் ஏமாற்றம். கத்தோலிக்கத் தன்மை என்றதும் உலக வரைபடம், கண்டம் வாரியாக மக்கள்தொகை, முடிந்தது. பரப்பளவுதான் கத்தோலிக்கம் என்றால் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் ஸ்மிர்னா சபைக்கு எழுதியபோது, இயேசு கிறிஸ்து இருக்கும் இடத்தில் கத்தோலிக்கத் திருஅவை இருக்கிறது என்று எப்படிச் சொல்லியிருப்பார்? அன்று அது ஒரு சிறு கூட்டம். எருசலேம் ஆயர் சிரில் 4ஆம் நூற்றாண்டில், திருமுழுக்குக்குத் தயாரானவர்களுக்கு இதை எவ்வளவு அழகாக விரித்தார்! உலகெங்கும் பரவியிருப்பது ஒரு காரணம்தான். தெரிய வேண்டிய போதனை முழுவதையும் குறைக்காமல் கற்பிப்பது, ஆள்வோர், ஆளப்படுவோர், கற்றவர், கல்லாதவர் எல்லாரையும் சேர்ப்பது, எல்லாவகைப் பாவத்துக்கும் மருந்து தருவது எல்லாம் அதற்குள் வரும் என்றார். இந்தப் பகுதி பாடத்தில் இல்லவே இல்லை. கேள்வி நேரத்தில் நான் எடுத்துச் சொன்னபோது சகோதரி ஒப்புக்கொண்டார், ஆனால் கையேட்டில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.

நான்காம் பாடம் மறுபடி நிமிர்ந்துவிடுகிறது. லியோன் நகர ஆயர் இரனேயு 180 வாக்கில் செய்த வாதத்தை மெதுவாகப் பிரித்துக் காட்டுகிறார். திருத்தூதர்கள் சிலருக்கு மட்டும் இரகசிய ஞானம் சொல்லிவிட்டுப் போனார்கள், அது எங்களிடம் இருக்கிறது என்று ஞானவாதிகள் சொல்லித் திரிந்த காலம் அது. இரனேயு கேட்டது எளிய கேள்வி: அப்படி ஏதாவது இருந்திருந்தால், சபைகளையே நம்பி ஒப்படைத்த ஆட்களிடம்தானே முதலில் சொல்லியிருப்பார்கள்? உரோமையில் லீனுவிலிருந்து தம் காலத்து எலெயுத்தேர் வரை 12 ஆயர்களை வரிசையாகப் பெயர் சொன்னார். எல்லாரும் அறிந்த வரிசை, எல்லார் காதிலும் விழுந்த போதனை. இரனேயுவே சிறுவயதில் ஸ்மிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு பேசக் கேட்டவர்; பொலிக்கார்ப்பு திருத்தூதர் யோவானோடு பழகியவர். வழிமரபு என்ற சொல்லுக்கு இங்கே முகமும் குரலும் வந்துவிடுகின்றன. ஆயரைத் திருநிலைப்படுத்த குறைந்தது மூன்று ஆயர்கள் கூட வேண்டும் என்று 325இல் நிசேயா சங்கம் வைத்த விதியும் இந்தப் பாடத்தில் பொருத்தமாக வருகிறது. திருத்தூதர் வழி என்பது ஆயர்களோடு நின்றுவிடுவதில்லை, அனுப்பப்பட்டவர்கள் என்ற முறையில் பொதுநிலையினரும் அதில் பங்குள்ளவர்கள் என்பதை மட்டும் கடைசியில் அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டார்.

கையேட்டின் பயிற்சிக் கேள்விகளை நான் பயன்படுத்தப் போவதில்லை. ‘பொருத்துக’, ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ வகை. சகோதரியின் பாடத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றை விட்டுவிட்டு இரண்டாம், நான்காம் பாடங்களை முதலில் பாருங்கள். மூன்றாம் பாடத்துக்கு முன்னால் சிரிலின் 18ஆம் மறைக்கல்வி உரையைத் தேடிப் படித்துவிடுங்கள். நேரலைக் கேள்வி நேரத்தைத் தவறவிட வேண்டாம், பதிவு செய்த காணொளியைவிட அங்கேதான் சகோதரி மனம்விட்டுப் பேசுகிறார்.