எஸ்கியூஎல் அல்கெமியின் மரபுரிமை வினவல்கள்: ஒரு நெல் ஆலைக் கணக்கை வைத்து ஒரு மதிப்புரை

பைதன் நிரலாக்க மொழியில் தரவுத்தளத்தோடு வேலை செய்பவர்களுக்கு, பைதன் வகுப்புகளைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைத்துத் தரும் எஸ்கியூஎல் அல்கெமி (SQLAlchemy) புதிய பெயரன்று. மைக் பேயர் 2006இல் முதன்முதலாக வெளியிட்ட இந்த மென்பொருள் நூலகம், 2023 ஜனவரியில் வந்த 2.0 பதிப்போடு வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எழுதும் முறையை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. எம்ஐடி என்ற திறந்தமூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் இங்கு எழுதுவது முழு நூலகத்தையும் பற்றியன்று. தாய் வகுப்பொன்றிலிருந்து மரபுரிமை பெறும், அதாவது அதன் பொது விபரங்களைத் தாமும் பெற்றுக்கொள்ளும், வகுப்புகளைத் தரவுத்தளத்தில் வைத்து வினவும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி மட்டுமே. சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலையொன்றின் கணக்கு மென்பொருளை மட்டக்களப்பிலிருந்து பராமரித்து வருவதால், இந்தப் பகுதியோடுதான் எனக்கு நாளாந்தப் பழக்கம்.

ஆலையில் நடப்பவை மூன்று வகை. விவசாயியிடம் நெல்லை விலைக்கு வாங்குவார்கள். வீட்டுத் தேவைக்கு நெல் கொண்டுவருபவருக்குக் கூலிக்குக் குத்திக் கொடுப்பார்கள். அரிசியை மூட்டையாகக் கடைகளுக்கு விற்பார்கள். திகதி, ஆள், நிறை, தொகை ஆகியவை மூன்றுக்கும் பொது. ஆனால் கொள்வனவுக்கு ஈரப்பதனும் பதர்க் கழிவும் எழுதப்பட வேண்டும், ஏனெனில் 14 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லைக் காயவைக்காமல் களஞ்சியத்தில் அடுக்க முடியாது; கூலிக்குத்தலுக்குத் திருப்பிக் கொடுத்த அரிசியின் நிறையும் தவிடு யாருக்கு என்பதும் வேண்டும்; விற்பனைக்குக் கீரிச் சம்பாவா நாட்டரிசியா என்ற இனமும் மூட்டையின் அளவும் வேண்டும். பதிவு என்று ஒரு தாய் வகுப்பும், அதன் கீழ் மூன்று பிள்ளை வகுப்புகளும் என்பது இதற்கு இயல்பாகவே பொருந்தும் வடிவம்.

இந்த வடிவத்தை அட்டவணைகளாக்குவதற்கு அல்கெமி மூன்று வழிகளைத் தருகிறது. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, வகையைச் சொல்லும் ஒரு நிரலால், அதாவது அட்டவணையின் ஒரு செங்குத்துப் பத்தியால், பிரிக்கலாம். தாய்க்கு ஓர் அட்டவணையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டவணையும் வைத்து, ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளப்படுத்தும் முதன்மைச் சாவியால் இணைக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுமையான தனி அட்டவணையும் வைக்கலாம். அப்போது தாய் வகுப்பை வினவ யூனியன் ஆல் என்ற எஸ்கியூஎல் கட்டளையைக் கொண்டு எல்லாவற்றையும் ஒட்ட வேண்டியிருக்கும். இந்த மூன்றாவது வழி ஏனைய இரண்டையும் விடச் சிக்கலானது, வகுப்புகளுக்கு இடையிலான உறவுகளில் மிகவும் மட்டுப்பட்டது என்று நூலகத்தின் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. புதிதாகத் தொடங்கும் எவரும் அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

இணைந்த அட்டவணை முறையே ஆலைக்குப் பொருத்தமாக இருக்கிறது, ஏனெனில் ஈரப்பதன் நிரல் வெறுமையாக இருக்கக் கூடாது என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே வைக்க அதில் முடிகிறது. ஒரே அட்டவணையென்றால், விற்பனைப் பதிவுக்கு ஈரப்பதன் கிடையாது என்பதற்காக அந்த நிரல் எந்தப் பதிவிலும் வெறுமையாக இருக்கலாம் என்று அனுமதிக்க வேண்டும். பிள்ளை வகுப்புகளுக்கிடையே ஒன்றிரண்டு நிரல்கள்தான் வேறுபடும் என்றால் அந்த இழப்பு பெரிதன்று. அப்போது ஒற்றை அட்டவணையே வேகமானது, எளிமையானது.

இனி வினவலுக்கு வருவோம். பதிவு வகுப்பை வைத்து இந்த மாதத்து வரிகளை எடுத்தால், திரும்பி வரும் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய சரியான வகுப்பைச் சேர்ந்ததாகவே வருகிறது. கொள்வனவு கொள்வனவாகவும், விற்பனை விற்பனையாகவும் கையில் கிடைக்கின்றன. பொலிமோர்ஃபிக் ஆன் என்று நாம் குறித்துக் கொடுத்த வகை நிரலை வாசித்தே அல்கெமி இதைச் செய்கிறது. பட்டியலில் திகதியும் தொகையும் மட்டும் காட்டுவதாயின் தாய் அட்டவணையை மட்டும் தொடும் ஒரே வினவலோடு வேலை முடிந்துவிடும். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் பிள்ளை அட்டவணைகளின் நிரல்கள் அந்த முதல் வினவலில் வருவதில்லை. ஒரு கொள்வனவின் ஈரப்பதனை நீங்கள் கேட்கும் கணத்தில்தான் அந்த ஒரு நிரைக்காக (அட்டவணையின் ஒரு வரிக்காக) இன்னொரு வினவல் தரவுத்தளத்துக்குப் போகிறது. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் இது எப்படி வெளிப்படுகிறது என்று பாருங்கள். மாத அறிக்கையில் 300 பதிவுகள் இருந்து, ஒவ்வொன்றின் சிறப்பு விபரத்தையும் அச்சிட வேண்டுமென்றால் மொத்தம் 301 வினவல்கள். தரவுத்தளம் அதே கணினியில் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எமது ஆலையைப்போல, தரவுத்தளம் வாடகைச் சேவையகத்தில் இருந்து, ஆலைக் கணினி கைபேசி இணைப்பில் ஓடுமானால், போய்வருவதற்கு 100 மில்லிசெக்கன் என்று வைத்தாலும் அறிக்கை திறக்க அரை நிமிடம் ஆகும். மூட்டையை இறக்கிவிட்டுப் பற்றுச்சீட்டுக்காக நிற்கும் மனிதருக்கு அது நீண்ட நேரம்.

தரவுத்தளத்தோடு தொடர்புகொள்ளும் என்ஜின் என்ற பொருளை உருவாக்கும்போது எக்கோ என்ற தெரிவை இயக்கி வைத்தால் ஓடும் எஸ்கியூஎல் அனைத்தும் திரையில் வந்து விழும். மரபுரிமையைப் பயன்படுத்தும் எவரும் இதை ஒரு தடவையாவது முழுமையாக வாசிக்க வேண்டும். ஒரே வாக்கியம், சாவியின் இலக்கம் மட்டும் மாறி மாறித் திரை முழுவதும் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அடுத்த இரண்டு கருவிகளும் எதற்காக இருக்கின்றன என்பது விளங்கும்.

முதலாவது செலெக்டின் பொலிமோர்ஃபிக். தாய் நிரைகளை வழமைபோல எடுத்த பிறகு, ஒவ்வொரு பிள்ளை வகுப்புக்கும் அதற்குரிய சாவிகளைத் திரட்டி, ஐஎன் என்ற நிபந்தனையோடு ஒரேயொரு வினவலை அனுப்புகிறது. மேலே சொன்ன 301 வினவல்கள் 4 ஆகிவிடுகின்றன. இதை ஒவ்வொரு வினவலிலும் எழுதாமல், பிள்ளை வகுப்பை அட்டவணையோடு பொருத்தும் மெப்பர் அமைப்பிலேயே பொலிமோர்ஃபிக் லோட் என்ற சாவிக்கு செலெக்டின் என்று கொடுத்து நிரந்தரமாக்கிவிடலாம். பட்டியல், அறிக்கை போன்றவற்றுக்கு இதுவே சரியான தெரிவு என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது வித் பொலிமோர்ஃபிக். இது எல்லாப் பிள்ளை அட்டவணைகளையும் லெஃப்ட் அவுட்டர் ஜொயின் (பொருந்தும் பிள்ளை நிரை இல்லாவிட்டாலும் தாய் நிரையை விடாத இணைப்பு) மூலம் ஒரே வினவலில் சேர்த்துவிடுகிறது. நிரை அகலமாகும், அதில் பாதி வெறுமையாக இருக்கும், பிள்ளை வகுப்புகள் கூடக்கூட ஜொயின்களும் கூடும். ஆயினும் இதற்கு ஈடில்லாத ஓர் இடம் உண்டு. ஈரம் 14ஐத் தாண்டிய கொள்வனவுகளையும் கீரிச் சம்பா விற்பனைகளையும் ஒரே பட்டியலில் திகதி வரிசைப்படி தா என்று கேட்டால், செலெக்டினால் அது முடியாது. வடிகட்டும் நேரத்தில் பிள்ளை நிரல்கள் வினவலுக்குள் இருந்தாக வேண்டும். வித் பொலிமோர்ஃபிக் திருப்பித் தரும் மாற்றுப்பெயரின் கீழ் கொள்வனவையும் விற்பனையையும் தொட்டு அந்த நிபந்தனையை ஒரு வரியில் எழுதிவிடலாம். இணைப்பு ஒன்றுக்கு ஒன்று என்பதால் நிரைகள் பெருகுவதுமில்லை. பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும்போதும் எண்ணிக்கை பிசகுவதில்லை.

விவசாயியிலிருந்து பதிவுகளுக்குப் போகும் உறவில் கொள்வனவுகளை மட்டும் பிடிக்க ஆஃப் டைப் இருக்கிறது. ஈரமான நெல் கொண்டுவந்த விவசாயிகள் யார் என்ற கேள்வியை, உறவின் மேல் ஆஃப் டைப் வைத்து ஜொயின் செய்தால் நேராகவே எழுதலாம். எழுதியதை ஒரு மாதம் கழித்து வாசித்தாலும் பொருள் விளங்குகிறது.

ஜாங்கோ என்ற இணையத்தளக் கட்டமைப்போடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை நிறைவடையாது, ஏனெனில் பைதனில் இணையத்தளம் செய்யும் பலருக்கு முதல் பழக்கம் அதுவே. ஜாங்கோவும் தாய்க்கும் பிள்ளைக்கும் தனித்தனி அட்டவணை வைக்கிறது. ஆனால் வகையைச் சொல்லும் நிரல் அங்கு இல்லை. தாயை வினவினால் தாய்ப் பொருள்கள்தான் வரும். பிள்ளையைப் பெற அதன் பெயரிலுள்ள இணைப்பைத் தொட்டு, இல்லையென்றால் எழும் விதிவிலக்கைப் பிடித்து, அடுத்த பெயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அல்லது ஜாங்கோ பொலிமோர்ஃபிக் போன்ற வெளிப் பொதியைச் சேர்க்க வேண்டும். தாய் வகுப்பை அப்ஸ்ட்ரக்டாக, அதாவது அதற்கென்று அட்டவணை இல்லாமல், வைத்து நிரல்களைப் பகிர்வது மட்டுமே தேவையென்றால் ஜாங்கோ தாராளமாகப் போதும். கலந்த வகைகளை ஒரே பட்டியலில் வினவுவதுதான் அன்றாட வேலை என்றால் அல்கெமி தெளிவாக முன்னிற்கிறது.

குறைகளும் உண்டு. ஆவணம் ஆழமானது, நேர்மையானது. ஆனால் புதியவருக்கு அடர்த்தி அதிகம், ஒரே ஒலியுள்ள பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பழைய கியூவரி முறையில் எழுதிய விடைகளும் 2.0 முறையில் எழுதியவையும் இணையத்தில் கலந்து கிடப்பதால், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் எமது பிள்ளைகள் எதைப் பின்பற்றுவதென்று தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகவேனும் தமிழில் இதை எழுத வேண்டியிருக்கிறது.

வேறு சில இடங்களில் கவனம் தேவை. பிள்ளை வகுப்பிருக்கும் கோப்பு எங்கும் இம்போர்ட் செய்யப்படாமல் இருந்து, அந்த வகையைச் சேர்ந்த நிரை வினவலில் வந்தால், அப்படியோர் அடையாளம் வரையறுக்கப்படவில்லை என்ற பிழையோடு செய்நிரல் நின்றுவிடும். தரவுத்தளத்தின் விடைக்காகக் காத்திருக்கும்போது மற்ற வேலைகளை ஓடவிடும் அசிங்க் முறையில் எழுதினால், பிள்ளை நிரல் இன்னும் ஏற்றப்படாத பொருளில் அதைக் கேட்ட கணமே மெதுவாகச் சென்று எடுத்துவருவதற்குப் பதிலாக மிஸ்ஸிங் கிரீன்லெட் பிழை வரும்; ஆகவே அங்கு செலெக்டின் போன்றதொரு முறையால் முன்கூட்டியே ஏற்றுவது வெறும் வசதியன்று, ஏறக்குறையக் கட்டாயம். இவற்றைவிட ஆபத்தானது, கொள்வனவு வகுப்பின் மேல் நிபந்தனை வைத்து மொத்தமாக டிலீட் வாக்கியம் எழுதுவது. இணைந்த அட்டவணை முறையில் அது கொள்வனவு அட்டவணையின் நிரைகளை மட்டுமே அழிக்கும். தாய் அட்டவணையில் தொகையும் திகதியும் அப்படியே இருந்து மாதக் கூட்டலுக்குள் வரும். அமர்வின் (பொருள்களைக் கண்காணித்து மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் செஷனின்) வழியாகப் பொருளைப் பொருளாக அழித்தால் இரண்டு அட்டவணைகளும் ஒழுங்காகத் துப்புரவாகின்றன.

ஒரு நிரையின் வகையை மாற்றுவதற்கும் நேரான வழி இல்லை. கூலிக்குத்தலாக எழுத வேண்டியதைக் கொள்வனவாக எழுதிவிட்டால், வகை நிரலை மட்டும் திருத்துவதால் அமர்விலுள்ள பைதன் பொருளின் வகுப்பு மாறாது, கூலிக்குத்தல் அட்டவணையில் நிரையும் தானாகத் தோன்றாது. ஆகவே ஆலை மென்பொருளில் வகை மாற்றும் பொத்தானே வைக்கப்படவில்லை. பிழையான பதிவு இரத்து என்று குறிக்கப்பட்டு, சரியானது புதிய இலக்கத்தில் எழுதப்படுகிறது. பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்திலும் கணக்கப்பிள்ளை அப்படித்தான் செய்து வந்தார் என்பதால், இதற்கென்று யாருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.