"ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்" கேப்சூல்: இரண்டு மாதம் சாப்பிட்டுப் பார்த்தேன்

தொடையில் தசை கிழிந்து ஆறு வாரம் ஜிம் பக்கமே போகவில்லை. திரும்பிப் போனபோது பழைய எடையில் பாதியைக்கூடத் தூக்க முடியாததால், சப்ளிமென்ட் கடையில் கேட்டதற்கு இந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். 60 கேப்சூல், 1,850 ரூபாய், மூன்றாக வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி. உடம்பில் கட்டுண்டு கிடக்கும் ஹார்மோனை விடுவித்துத் தசையை வளர்க்கும், காயத்தை ஆற்றும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது.

இதில் பாதி உண்மை. டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண் ஹார்மோன். ரத்தத்தில் ஓடும் அதில் ஒரு பங்கை எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் இறுக்கிப் பிடித்திருக்கும், இன்னொரு பங்கு அல்புமின் என்ற வேறொரு ரத்தப் புரதத்தோடு லேசாக ஒட்டியிருக்கும், எதிலும் ஒட்டாமல் இருப்பது (இதைத்தான் "ஃப்ரீ" என்கிறார்கள்) சுமார் 2 சதவீதம்தான். அந்த 2 சதவீதமும், அல்புமினிலிருந்து எளிதில் கழன்று வருவதும்தான் தசைக்குப் பயன்படுகிறது: புரதம் கட்டும் வேலையை முடுக்கும், கிழிந்த இழையைச் சரிசெய்யும் சாட்டிலைட் செல்களைத் தூண்டும். வயது ஏற ஏற எஸ்.எச்.பி.ஜி. கூடும், அதனால் ரிப்போர்ட்டில் மொத்த அளவு சரியாக இருந்தும் உடம்புக்குக் கிடைப்பது குறையலாம்.

சரி, கேப்சூல் இதை மாற்றுமா? உள்ளே முக்கியமான சரக்கு நெருஞ்சில் சாறு, வரப்பில் காலில் குத்தும் அதே நெருஞ்சில்தான். நீர்க்கடுப்புக்கு நம் வைத்தியத்தில் கொடுப்பது வேறு விஷயம். ஆரோக்கியமான ஆண்களிடம் செய்த ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோனை இது கூட்டியதாக நம்பும்படி எதுவும் வரவில்லை. துத்தநாகமும் இருக்கிறது, அது உடம்பில் துத்தநாகம் குறைவாக இருப்பவருக்குத்தான் உதவும். எனக்குக் கோபமே இங்கேதான்: எது எத்தனை மில்லிகிராம் என்று பிரித்துப் போடாமல் மொத்தக் கலவையின் எடையை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் ஒரே லேபில், காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். காலையில்தான் இந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும், மாலையில் கொடுத்தால் குறைவாகக் காட்டும். மொத்த அளவு, ஃப்ரீ அளவு இரண்டிலும் சொல்லும்படி மாற்றமில்லை. நெஞ்செரிச்சல் மட்டும் புதிதாக வந்தது.

தொடை தேறிவிட்டது. ஆனால் அதற்கு பிசியோ சொல்லிக் கொடுத்த பயிற்சியையும், தினமும் சாப்பிட்ட முட்டையையும் சுண்டலையும், பத்து மணிக்கே படுத்ததையும்தான் சொல்வேன். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது தூங்கிய முதல் சில மணி நேரத்து ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

அப்புறம், கேப்சூல் வேலை செய்யவில்லை என்று ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்குக் கூப்பிட்டால் தயவுசெய்து போகாதீர்கள். வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விந்தணுவும் குறையும். சோர்வு, ஆசைக் குறைவு என்று உண்மையிலேயே இருந்தால் ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள்.

5-க்கு 1. மூன்றாவது டப்பாவைப் பிரிக்கவே இல்லை, கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.