ஜம்பிங் குதிரைக்கு பூட்: எதை வாங்கலாம், எதை விடலாம்

தடை தாண்டும் ஜம்பிங் குதிரைக்கு, காலில் கட்டும் காப்பான பூட் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் நம் கைக்கு வருவது இருப்பதிலேயே தடிமனான ஜோடிதான். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை (டெண்டன்) தாங்கிப் பிடிக்கும், காலுக்குப் பலம் தரும் என்றெல்லாம் சொல்லி விற்பார்கள். அதை நம்பிப் பணம் போடாதீர்கள். குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எலும்பு, தசைநாண், எலும்புகளைப் பிணைக்கும் தசைநார், மேலே தோல், அவ்வளவுதான். தடையைத் தாண்டி இறங்கும்போது ஐந்நூறு, அறுநூறு கிலோ உடம்பு முதலில் ஒரே முன்னங்காலில் வந்து இறங்குகிறது, அந்த இழுவையை ஒரு வெல்க்ரோ பட்டையும் நாலு மில்லிமீட்டர் நியோப்ரீன் ரப்பரும் குறைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. பூட் அடியைத் தடுக்கும். அதற்காக மட்டும்தான் வாங்க வேண்டும்.

அப்படியென்றால் உங்கள் குதிரை எங்கே அடித்துக்கொள்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பழைய பூட் இருந்தால் அதைக் கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நீளமான கீறல் இருந்தால் பின்னங்குளம்பு வந்து தசைநாணில் இடிக்கிறது. உள்பக்கம் ஃபெட்லாக் (குளம்புக்கு மேலே உள்ள பெரிய மூட்டு) உயரத்தில் தேய்ந்திருந்தால் எதிர்க்கால் உரசுகிறது. குதிகால் சதையில் வெட்டு, லாடம் அடிக்கடி பிடுங்கிப் போகிறது என்றால் குளம்பைச் சுற்றி மணிபோல மூடும் பெல் பூட் வேண்டும், தசைநாணைக் காக்கும் டெண்டன் பூட் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் அதற்கு உதவாது.

முன்னங்காலுக்கு என் ஓட்டு ஓப்பன் ஃப்ரன்ட் டெண்டன் பூட்டுக்குத்தான். பின்புறம் கெட்டியான ஓடு, முன்புறம் திறப்பு, குறுக்கே பட்டை. தடையின் கம்பில் கால் பட்டால் குதிரைக்கு அது உறைக்கும், அடுத்த தடையில் காலைக் கொஞ்சம் கவனமாகத் தூக்கும். ஒரு கம்பு விழுந்தால் நாலு ஃபால்ட் (தண்டப்புள்ளி) என்கிற விளையாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் திறந்தவெளியில் அசையாத மரத்தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரிக்கு இதைப் போட்டுப் போகக் கூடாது. அங்கே முன் எலும்புக்கும் காப்பு வேண்டும், சுற்றிலும் மூடிய, தண்ணீர் உறிஞ்சாத பூட்தான் சரி.

ஓடு எப்படி இருக்க வேண்டும்? கட்டைவிரலால் பின்பக்க நடுவில் அழுத்திப் பாருங்கள். உள்ளே குழிந்தால் குளம்பின் அடியும் அதே இடத்தில்தான் இறங்கும். ஓடு அடியைப் பரப்ப வேண்டும், அதற்கு அடியில் இருக்கும் மெத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும், இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பிறகு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விரலால் தடவுங்கள். விலை குறைந்த பிளாஸ்டிக் பூட்டுகளில் ஓடு மெத்தையின் ஓரம் வரை வந்து நிற்கும், குதிரை முட்டியை மடக்கும்போது அந்த விளிம்பு தோலில் குத்தும். நான் பயன்படுத்திய ஒரு ஜோடியில் ஃபெட்லாக்குக்குப் பின்னால் முடி உதிர்ந்து தோல் சிவந்தே போனது. அதைத் தூக்கிப் போட்டாயிற்று.

அடுத்தது சூடு. இதை ஏனோ யாரும் சரியாகப் பேசுவதில்லை. நாலுகால் பாய்ச்சலில் குதிரையின் தசைநாணின் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை போவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அதன்மேல் காற்றுப் புகாத நியோப்ரீனைச் சுற்றினால் அந்தச் சூடு எங்கே போகும்? அதனால் துளை உள்ள பூட்டையே தேடுங்கள், ஆனால் வெளியோட்டில் துளை போட்டு உள்ளே முழு நியோப்ரீன் ஒட்டிய பூட்டுகளும் நிறைய வருகின்றன. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள், வெளிச்சம் ஊடுருவி வராவிட்டால் அந்தத் துளைகள் வெறும் அலங்காரம். எந்த பூட்டாக இருந்தாலும் ஜம்பிங் முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அதை மாட்டியபடியே நிற்க வைத்து அரட்டை அடிக்க வேண்டாம்.

ஆட்டுத்தோல் உள்பட்டை மெல்லிய தோல் உள்ள குதிரைகளுக்கு நிஜமாகவே நல்லது, உரசல் குறைகிறது. ஆனால் மணலும் மரத்தூளும் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், நனைந்தால் கனத்துவிடும், காயவே காயாது. தினமும் சீவிவிட ஆள் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் ஈக்விஃபிட் என்ற நிறுவனத்தின் பூட்டுகளில் இருப்பதுபோலக் கழற்றிக் கழுவக்கூடிய உள்பட்டை உள்ளதாகப் பாருங்கள், அந்த வசதிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அளவு விஷயத்தில் பெட்டியில் உள்ள எழுத்தை நம்பாமல் டேப் வைத்து அளங்கள். முட்டிக்குக் கீழிருந்து ஃபெட்லாக் வரை நீளம், நடு எலும்பின் சுற்றளவு, இரண்டும் வேண்டும். கொஞ்சம் மேலே வைத்து முடியின் போக்கில் கீழே இறக்கிக் கட்டுங்கள், பட்டையின் நுனி வெளிப்பக்கம், பின்னோக்கி. ஒரு விரல் நுழைய வேண்டும். பொத்தான் போட்ட எலாஸ்டிக் பட்டையை அடுத்த ஓட்டைக்கு இழுக்கத் தோன்றும், இழுக்காதீர்கள், அந்த அழுத்தம் நேராகத் தசைநாண் மேலேதான் விழும்.

பின்னங்காலுக்குக் குட்டையான ஃபெட்லாக் பூட் போதும். இங்கே கனமானதையோ இறுக்கமானதையோ வாங்கவே வாங்காதீர்கள். பின்காலைச் செயற்கையாக உதைத்துத் தூக்க வைக்கச் சிலர் இதைத் தந்திரமாகப் பயன்படுத்தினார்கள், குதிரைக்கு அது கொடுமை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்இஐ அதனால்தான் 2019-இல் தொடங்கிப் படிப்படியாகக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 2021 முதல் எல்லா சர்வதேசப் போட்டிகளுக்கும் அதை விரித்தது. பின்கால் பூட்டின் உள்நீளம் 16 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. லாடம் நீங்கலாக ஒரு காலில் உள்ள எல்லா உபகரணமும் சேர்ந்து 500 கிராமைத் தாண்டக் கூடாது. கட்டும் பட்டைக்கும் விதி உண்டு, போட்டிக்குப் போகிறவர்கள் இப்போதைய விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெல் பூட்டில் பின்பக்கம் சின்ன முண்டு வைத்த, குளம்பில் சுழன்று திரும்பாத வகை நல்லது. குதிகால் சதையை முழுக்க மூட வேண்டும், அதற்காகத் தரையில் இழுபடும் நீளம் வேண்டாம், தானே மிதித்துத் தடுக்கி விழும். இழுத்து மாட்டும் ரப்பர் வகை வெல்க்ரோவைவிட நாள்பட உழைக்கும். மாட்டுவது பெரும்பாடுதான், சுடுதண்ணீரில் சிறிது நேரம் ஊறப்போட்டால் ரப்பர் இளகி ஏறிவிடும்.