ஓபிடியில (வெளிநோயாளர் பகுதியில) சத்தம் போடுறவரை என்ன செய்யிறது: ஏசுறதா, பொலிசா, இருத்திக் கதைக்கிறதா?

வன்னியில ஒரு சின்ன ஆஸ்பத்திரியில பத்து வருசத்துக்கு மேல நேர்சா நிக்கிறன். கிளினிக் நாளில ஆரும் சத்தம் போடாமல் போன கிழமை குறைவு. அடக்கிறதுக்கு எங்களிட்ட மூண்டு வழிதான் கிடக்கு, மூண்டும் செய்து பாத்தாச்சு.

திருப்பி ஏசுறதைத்தான் கனபேர் செய்யினம், நானும் செய்திருக்கிறன். ஆள் உடன அடங்கும், ஏனெண்டா மருந்துக்கு இஞ்சதான் வரோணும். ஆனா அடுத்த மாதம் வராயினம், பிரஷர் குளிசையை விட்டுட்டு வீட்டில இருந்து கடைசியில ஒரு பக்கம் இழுத்தபிறகு மகன் மோட்டசைக்கிளில நடுவில வைச்சுக் கொண்டுவருவார். அந்த ஏச்சின்ர விலை அது.

நோட்டீஸ் போர்ட்டும் பொலிசும் ரெண்டாவது. பிரித்தானியாவில 1999 இல என்எச்எஸ் எண்ட அரச சுகாதார சேவையின்ர ஊழியரைத் தாக்கினா பொறுக்கமாட்டம் எண்டு பெரிய பிரசாரமே தொடங்கினது, அந்த மாதிரி நோட்டீஸ் எங்கட சுவரிலயும் ஒட்டிக் கிடக்கு. கசிப்புச் சாராயமோ ஐஸ் போதையோ அடிச்சிட்டு கத்தியோட வாறவன், பிள்ளையளில கை வைக்கிறவன் எண்டா இதுதான் சரி, பொலிசின்ர 119 க்கு அடிக்க ஒரு நிமிசமும் யோசிக்கக்கூடாது, இரவில ஒரு நேர்ஸ் மிஸ்ஸியும் ஒரு அற்றண்டனும்தான் நிப்பம். ஆனா வாறவையில முக்கால்வாசி அப்பிடி இல்லை. யூனிபோம் போட்ட ஆள் உள்ள வந்தா லைனில நிக்கிற மற்றச் சனமும் உறைஞ்சுபோகும், 2009 இல முடிஞ்ச யுத்தத்தைக் கடந்து வந்த சனம் இது.

மூண்டாவது இருத்திக் கதைக்கிறது. ஒருநாள் பதினொன்றரை இருக்கும், மல்லாவிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில வந்த ஒரு ஐயா, நம்பர் 87, கிளினிக் கொப்பியை சொப்பிங் பாக்கோட கவுண்டரில அடிச்சு “நாங்கள் என்ன நாயளோ” எண்டு கத்தினார். அற்றண்டன் தம்பி திருப்பிக் கத்த இன்னும் கூடிச்சுது. கிட்டப் போய்ப் பாத்தா ஃபேனுக்குக் கீழ நிண்டும் நெத்தியெல்லாம் வேர்வை, கொப்பி பிடிச்ச கை நடுங்குது. ரத்தம் குடுக்கவெண்டு இரவில இருந்து சாப்பிடேல்லையாம், கிளிக்லசைட் எண்ட சீனி வருத்தக் குளிசையை மட்டும் விடிய போட்டுட்டு வந்திருக்கிறார். குத்திப் பாத்தா ரத்தத்தில சீனி 52. எழுபதுக்குக் கீழ போனாலே சிலருக்குக் கோபமும் குழப்பமும் வரும். மூண்டு கரண்டி சீனி கரைச்சுக் குடுத்து, கால் மணித்தியாலத்தால திரும்பிக் குத்திப் பாத்து, பாணும் சாப்பிட வைச்சம். பிறகு “பிள்ளை, என்ர குடை எங்க?” எண்டு கேட்டார். அவருக்குப் பொலிசைக் கூப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் எண்டு இப்பவும் நினைக்கிறனான்.

இருத்திக் கதைக்கிறதுக்கும் முறை இருக்கு. ஒரு ஆள் மட்டும் கதைக்கோணும், ரெண்டு கை நீளம் தள்ளி நிக்கோணும், அவர் வெளியால போற வழியை மறிக்கக்கூடாது, பின்னால வந்து தோளில கை வைக்கவே கூடாது. உடம்பில யுத்தத்தில பட்ட செல் குண்டுத் துண்டோட திரியிற சனத்துக்கு அந்தத் தொடுகையே போதும்.

கிழமைக்கு கிழமை நெஞ்சுநோ, கால்நோ எண்டு வந்து ஸ்கான் கேட்டு அழுற அம்மாமாருக்கு இந்த மூண்டும் பத்தாது. எங்களிட்ட வாற ஒராளின்ர மகன் காணாமல் ஆக்கப்பட்டவர், 2017 பெப்ரவரியில அப்பிடிப்பட்ட குடும்பங்கள் கிளிநொச்சியில போட்ட போராட்டப் பந்தலிலயும் போய் இருந்தவ. “ஒண்டுமில்லை, போங்கோ” எண்டு அனுப்பினா மற்றநாளே வருவா. நோ கூடினாத்தான் வா எண்டா நோவும் கூடும். இப்ப நல்லாச் சோதிச்சுப் பாத்து, மாதத்தில ரெண்டு திகதி, ஒரே டொக்டர், பத்து நிமிசம் எண்டு குடுத்திருக்கிறம், நோ இருந்தாலும் இல்லாட்டியும் வரலாம். இடையில வாறது நல்லாக் குறைஞ்சிட்டுது.

நேரம் எங்க இருக்கு எண்டு கேப்பினம். கத்திற ஆளோட மல்லுக்கட்டினா அரை மணித்தியாலம் போகும், இருத்திக் கதைச்சா ஐஞ்சு நிமிசம். இப்ப சாப்பிடாமல் வந்தவையின்ர ரத்தத்தை நம்பர் பாக்காமல் முதல் எடுக்கிறம், ஒன்பது மணிக்கு ஒராள் வெளியில வந்து “எண்பதாம் நம்பருக்கு மேல உள்ளவைக்கு பன்னிரண்டு மணியாகும், போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ, நம்பர் போகாது” எண்டு சொல்லுறா.