4 ஜிபி என்று காட்டிய 1 ஜிபி கார்டு

இணைய விற்பனைத் தளமொன்றில் 'புதியது, பெட்டி பிரிக்காதது' என்ற விளம்பரத்தை நம்பி நான் வாங்கிய, கணினித் திரைக்கான படங்களை உருவாக்கித் தரும் என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு போலியானது. விற்றவரின் பெயரை இங்கே எழுதிப் பயனில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் கடை விரிப்பவர் அவர். ஏமாற்று எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், பழைய கார்டோ புதிய கார்டோ வாங்கப்போகிறவர்கள் தப்பிக்கலாம்.

கார்டைப் பொருத்தி, அதனுடன் வந்த குறுந்தகட்டில் இருந்த டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) நிறுவியதும், விண்டோஸ் அதை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றே காட்டியது. அதே தகட்டில் இருந்த ஜிபியு-இசட் என்ற, கார்டின் விவரங்களைக் காட்டும் நிரலும் அதன் நினைவகம் 4096 எம்பி, அதாவது 4 ஜிபி என்றது. பெயரும் அளவும் சரியாக இருந்ததால் நான் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். அதே சாளரத்தில் ஷேடர்கள் எனப்படும் சிறு கணிப்பு அலகுகளின் எண்ணிக்கை 192 என்றும், சில்லின் தயாரிப்பு நுட்பம் 40 நானோமீட்டர் என்றும் இருந்ததைப் பத்து நாள் கழித்துத்தான் படித்தேன். 2016இல் வெளிவந்த உண்மையான 1050 டிஐ 14 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்டது. அதில் 768 ஷேடர்கள் உண்டு. பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

முதல் வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. உலாவியும் எழுத்து வேலையும் சில நூறு எம்பி நினைவகத்தைத் தாண்டுவதில்லை. பிறகு ஒரு நாள் காணொளித் தொகுப்பு வேலையில் உட்கார்ந்தபோது, திரையின் கீழ்மூலையிலிருந்து பச்சையும் ஊதாவுமான சிறு சதுரங்கள் பரவி, கணினி அப்படியே உறைந்தது. இரண்டாம் முறையும் அதுவே நடந்தது. மூன்றாம் முறை, நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் பக்கத்தை ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். எண் 700, 850, 960 என்று ஏறியது; ஆயிரத்தை நெருங்கியபோது சதுரங்கள் வந்துவிட்டன. 4 ஜிபி கார்டு 1 ஜிபியில் ஏன் மூச்சுத் திணற வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

கார்டு தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரும் நினைவக அளவும் அதன் பயாஸில், அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலில், எழுதப்பட்டிருப்பவை. அந்த பயாஸ் ஒரு சிறு ஃபிளாஷ் சில்லில் இருப்பதால் அதை அழித்து வேறொன்றை எழுத முடியும். 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 போன்ற பழைய கார்டுகளை வாங்கி, பயாஸை மாற்றி, புதிய உறையும் மின்விசிறியும் பொருத்தி, 1050 டிஐ என்று விற்கிறார்கள். இயங்குதளம் நினைவகத்தை அளந்து பார்ப்பதில்லை, கார்டு சொல்வதை ஏற்றுக்கொள்கிறது. ஏதாவது ஒரு நிரல் 1 ஜிபியைத் தாண்டி எழுத முயலும்போது, அந்த முகவரிக்குப் பின்னால் நினைவகமே இல்லாததால் எல்லாம் குலைந்துபோகிறது.

விற்பனையாளரிடம் முறையிட்டபோது முதலில் என் பவர் சப்ளை போதாது என்றார். பிறகு டிரைவர் கோளாறு என்றார். என்விடியா தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கி நிறுவினேன். மறுதொடக்கத்தில் கருந்திரைதான் வந்தது. பெட்டிக்குள் 'டிரைவரைப் புதுப்பிக்க வேண்டாம்' என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு இருந்ததும், அதை நான் அக்கறையான அறிவுரையாக எடுத்துக்கொண்டதும் அப்போது நினைவுக்கு வந்தன. 'திரையிலேயே 4 ஜிபி என்று காட்டுகிறதே, இன்னும் என்ன வேண்டும்?' என்பதே அவருடைய கடைசிப் பதில். கடைசியில் ஹீட்சிங்க் எனும் வெப்பம் கடத்தும் உலோகப் பாகத்தைக் கழற்றி, அதனடியில் இறுகிப்போயிருந்த வெப்பப் பேஸ்ட்டைத் துடைத்தபோது, சில்லின் மேல் ஜிஎஃப்106 என்று தொடங்கும் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அது ஜிடிஎஸ் 450இன் சில்லு. படம் எடுத்துத் தளத்துக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று கோரிக்கையை மூடிவிட்டார்கள்.

ஆகவே, கார்டு கைக்கு வந்த அன்றே, கெடு ஓடத் தொடங்கும்போதே சோதித்துவிடுங்கள். உடன் வரும் தகட்டைத் தொடாமல், டிரைவரையும் ஜிபியு-இசட்டையும் அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து இறக்குங்கள். 2018இல் வந்த 2.12 பதிப்பு முதல் இத்தகைய போலிகள் பலவற்றின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று அந்த நிரலே எச்சரிக்கிறது. அதைவிட முக்கியமாக, ஓசிசிடி, மெம்டெஸ்ட் வல்கன் போன்ற ஏதாவது ஒரு சோதனை நிரலைக் கொண்டு நினைவகம் முழுவதையும் நிரப்பிப் பாருங்கள். பெயரையும் எண்ணையும் பொய்யாக எழுதலாம். இல்லாத 3 ஜிபியில் தரவை எழுதித் திரும்பப் படிக்க எந்த பயாஸாலும் முடியாது. வாங்குவதற்கு முன்பே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் தலைமுறைச் சில்லுகள் அனலாக் சமிக்ஞை தருவதில்லை என்பதால், பின்பக்கத்தில் அந்தச் சமிக்ஞையைக் கொண்டு இயங்கும் நீல நிற விஜிஏ போர்ட் (பழைய மானிட்டர் இணைப்பு) இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். என்னுடையதில் அது இருந்தது; பழைய மானிட்டருக்கு உதவும் என்று மகிழ்ந்துவேறு இருந்தேன்.

நேற்று அந்தத் தளத்தில் தேடியபோது, அதே கார்டு வேறொரு விற்பனையாளர் பெயரில் அதே வாசகங்களுடன் விற்பனைக்கு இருந்தது. போர்ட்டுகள் தெரியும் பக்கத்தை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிட்டிருக்கிறார்கள்.